செஞ்சோற்றுக் கடனும் செப்பவேண்டிய உண்மையும்

மட்டக்களப்பு வட்டக்களரியிலே கர்ணன் போர் ஆடப்படும்போது, கர்ணன் களத்தில் வீழ்கின்ற கட்டத்திற் கண்கலங்காதார் இல்லை. செஞ்சோற்றுக் கடன் தீர்க்க உயிரையே ஈந்தவன் என்று அவனைப் போற்றுகிறோம். எனினும், கர்ணன் உயிர் கொடுத்தான் என்ற காரணத்தால் துரியோதனன் பக்கமே நியாயம் இருந்தது என்று எவரும் வாதிட்டதில்லை. வீரனின் தியாகம் வேறு, அவனைக் களத்துக்கு அனுப்பியவனின் நியாயம் வேறு என்பதைக் களரியைச் சூழ்ந்திருக்கும் எளிய மக்கள் நன்குணர்வர்.

கதையில் இத்துணை எளிதாகப் புலப்படும் வேறுபாடு, சொந்த நாட்டுப் பிள்ளைகள் கடல்கடந்து சென்று மடிகின்ற வேளையிற் கற்றறிந்த சமுதாயத்துக்கும் மறைந்துவிடுகிறது. போரின் நியாயத்தை ஒருவன் வினவினால், மாண்ட வீரரை அவன் நிந்திப்பதாகக் கூக்குரல் எழுகிறது. இந்நிலையைத் தெளிவுறக் காட்டும் வரலாற்று உதாரணங்களுள் ஒன்று, 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவிற் பிரித்தானியர் நடத்திய போயர் யுத்தமாகும். இலங்கையர்க்கும் தமிழர்க்கும் அதனோடு தொடர்பு உண்டு என்பதால், அதனை ஆராய்வது நமக்கு இருமடங்கு பயன் தருவதாகும்.

பொன்னும் போரும்

17ஆம் நூற்றாண்டு முதலாகத் தென்னாபிரிக்காவிற் குடியேறிய ஒல்லாந்தர் முதலிய ஐரோப்பிய விவசாயிகளின் வழிவந்தோரே போயர் எனப்பட்டனர். திரான்ஸ்வால், ஒரேஞ் சுதந்திர நாடு என இரு குடியரசுகளை அவர்கள் அமைத்திருந்தனர். 1886இல் திரான்ஸ்வாலிற் பெருந் தங்கப்படிவு கண்டுபிடிக்கப்பட்டது. தங்கத்தை நாடிவந்த அந்நியர் பல்லாயிரவர். அவர்களுட் பெரும்பாலோர் பிரித்தானியர். அவர்களுக்கு வாக்குரிமை வழங்கப் போயர் தயங்கினர். அவ்வுரிமையை நிலைநாட்டவே போர் என்றது லண்டன் அரசு. தங்கச் சுரங்க முதலாளிகளின் நலனுக்காகவே போர் என்றனர் அதனை எதிர்த்தோர். போயரும் நீதியின் திருவுருவங்கள் அல்லர். தம் மண்ணிலிருந்த கறுப்பின மக்களுக்கும் இந்தியர்க்கும் அவர்கள் எவ்வித உரிமையும் வழங்க விரும்பியதில்லை.

1899 ஒக்டோபர் 11ஆம் நாள் யுத்தம் மூண்டது. நத்தார் பண்டிகைக்கு முன் முடிந்துவிடும் என்று இங்கிலாந்திற் பலர் எண்ணினர். ஆனால் டிசம்பர் மாதத்தில் ஒரே வாரத்துள் மூன்று களங்களிற் பிரித்தானியச் சேனை தோல்வியுற்றது. அவற்றுள் ஒன்றான கொலென்ஸோவிலே படுகாயமுற்று மாண்டார் லெப்டினன்ட் பிரெடெரிக் ரொபேட்ஸ். மகனை இழந்த ரொபேட்ஸ் பிரபுவே அடுத்துத் தென்னாபிரிக்கச் சேனைக்குத் தலைமை தாங்கப் புறப்பட்டார். அத்தகைய தந்தையின் துயரத்தின் முன்னே எதிர்க்கருத்துச் சொல்ல எவருக்கு நாவெழும்? தியாகத்தின் புனிதம், போரைப் பற்றிய வினாக்களுக்கெல்லாம் ஒரு திரையாக அமைந்துவிட்டது.

அரைப்பென்னிப் பத்திரிகை

இங்கிலாந்திலே 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர் எழுத்தறிவு விரைந்து பரவிற்று. அவ்வாறு வாசிக்கக் கற்ற புதிய தலைமுறையை நோக்கி 1896இல் அரைப்பென்னி விலையில் வெளிவரத் தொடங்கியது ‘டெயிலி மெயில்’. யுத்த காலத்தில் அதன் விற்பனை பத்து இலட்சம் பிரதிகளை நெருங்கிற்று. யுத்தத்தை நேரிற் காணாதோர்க்கு அது ஒரு பந்தயம் போலத் தோன்றியது. 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்த மஃபெக்கிங் நகரம் மீட்கப்பட்ட செய்தி 1900 மே 18ஆம் நாள் இரவு லண்டனை எட்டியபோது, வீதிகளிற் சனசமுத்திரம் கூத்தாடியது. அக்களியாட்டைக் குறிக்க அந்நகரின் பெயரிலிருந்தே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் பிறந்தது.

இவ்வெழுச்சியை அரசியல்வாதிகள் பயன்படுத்தத் தவறவில்லை. 1900 செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் நடைபெற்ற பொதுத்தேர்தல், சேனையினரின் சீருடை நிறத்தாற் ‘காக்கித் தேர்தல்’ எனப் பெயர்பெற்றது. அரசாங்கம் இழக்கும் ஒவ்வோர் ஆசனமும் போயருக்குக் கிடைக்கும் ஆசனம் என்பதே குடியேற்ற நாட்டு மந்திரி ஜோசப் சேம்பர்லினின் பிரசாரமாயிருந்தது. எதிர்த்து வாக்களிப்பவன் பகைவனுக்குத் துணைபோகிறவன் ஆனான். அரசாங்கம் பெரும்பான்மை பெற்று மீண்டது.

‘மன்செஸ்ரர் கார்டியன்’ பத்திரிகை எதிர்நீச்சலிட்டது. அதன் சார்பில் தென்னாபிரிக்கா சென்றுவந்த ஜே. ஏ. ஹொப்சன், 1901இல் போர்வெறியின் உளவியலைப் பற்றித் தனி நூலொன்றே எழுதினார். எழுத்தறிவு பெற்ற சனங்கள் எவ்வாறு ஒரே செய்தியைப் பலமுறை கேட்டு அதனையே தம் சொந்த அபிப்பிராயமாகக் கொள்கின்றனர் என்று அந்நூல் ஆராய்கிறது. வாசிக்கக் கற்பிப்பது கல்வியின் பாதி. வாசித்ததை ஆராயக் கற்பிப்பது மறுபாதி. ஆசிரியர்கள் இதனை ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும்.

கவிஞர் இருவர்

அக்காலத்து ஆங்கிலக் கவிஞர் இருவரின் போக்கும் கருதத்தக்கது. ருட்யார்ட் கிப்ளிங், போருக்குச் சென்ற படைவீரனின் மனைவி மக்களுக்கு நிதி திரட்டும்பொருட்டு 1899 ஒக்டோபர் 31இல் ‘டெயிலி மெயிலில்’ ஒரு பாடலை வெளியிட்டார். இரண்டரை இலட்சம் பவுணுக்கு மேல் திரண்டது. அது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீரனின் குடும்பத்தைக் காப்பது எப்படி என்று கேட்ட அப்பாடல், அவன் ஏன் அனுப்பப்பட்டான் என்று கேட்கவில்லை.

அதே ஆண்டில் தொமஸ் ஹார்டி எழுதிய ஒரு சிறுகவிதை, கிராமத்திலிருந்து சென்ற முரசறையும் சிறுவன் ஒருவன் பெட்டியுமின்றி அந்நிய மண்ணிற் புதைக்கப்படுவதைப் பேசுகிறது. தான் வந்துசேர்ந்த அந்நிலத்தின் பொருளை அறியாதவன் அவன். அவன் தலைக்குமேல் ஊரிற் காணாத நட்சத்திரங்கள் என்றென்றும் எழுகின்றன. ஹார்டி அவனை இகழவுமில்லை, வெற்றிமுழக்கத்துக்குக் கருவியாக்கவுமில்லை.

கிப்ளிங்கின் வாழ்க்கையிற் பின்னர் நிகழ்ந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. முதல் உலக மகாயுத்தத்தில், கண்பார்வைக் குறைவினாற் சேனையில் ஏற்றுக்கொள்ளப்படாத தம் மகனுக்கு, ரொபேட்ஸ் பிரபுவை அணுகி அவரே இடம் பெற்றுக்கொடுத்தார். 1915இல் லூஸ் போர்க்களத்தில், 18 வயதில், அம்மகன் மறைந்தான். தந்தை உயிரோடிருந்த காலம் முழுவதும் மகனின் உடல் அடையாளங் காணப்படவில்லை.

ஒரு பெண்ணின் அறிக்கை

1900இன் பிற்பகுதியிற் போயர் கெரில்லாப் போரில் இறங்கினர். பிரித்தானியச் சேனை அவர்களின் பண்ணைவீடுகளைத் தீக்கிரையாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தது. இங்கிலாந்தின் மேற்குக் கோடியிலுள்ள கோர்ண்வோலிற் பிறந்த எமிலி ஹொப்ஹவுஸ் என்னும் மாது, நிவாரணப் பொருள்களுடன் 1901 தொடக்கத்தில் அம்முகாம்களுக்குச் சென்றார். போதிய உணவில்லை, சவர்க்காரமில்லை, நீரில்லை, தொற்றுநோயோ தலைவிரித்தாடிற்று. கண்டவற்றை அவர் எழுதி, ஜூன் மாதம் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார்.

எதிர்க்கட்சித் தலைவரான கம்பெல் பனர்மன் அவரைச் சந்தித்த மறுநாள், ஜூன் 14இல், தென்னாபிரிக்காவிற் கையாளப்படுபவை காட்டுமிராண்டி முறைகள் என்று பகிரங்கமாகச் சாடினார். உடனே எழுந்தது புயல்! சேனையை அவமதித்துவிட்டார் என்றன பத்திரிகைகள். தாம் குறைகூறியது கொள்கையை வகுத்த அரசாங்கத்தையே, கட்டளைக்குப் பணிந்த வீரனை அன்று என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. மீண்டும் தென்னாபிரிக்கா சென்ற ஹொப்ஹவுஸ் கரையிறங்க விடப்படாது நாடு கடத்தப்பட்டார். 1901 டிசம்பர் 18இல் பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் யுத்தத்தை எதிர்த்துப் பேசச் சென்ற லொயிட் ஜோர்ஜ், கல்லெறிந்து உட்புகுந்த கூட்டத்திடமிருந்து பொலிஸ்காரர் வேடத்தில் உயிர்தப்பினார்.

இதற்கிடையில் அரசாங்கமே, யுத்தத்தை ஆதரித்த மிலிசென்ட் போசெட் அம்மையாரின் தலைமையிற் பெண்கள் குழுவொன்றை அனுப்பிற்று. அக்குழுவும் ஹொப்ஹவுஸ் கூறியவற்றுட் பெரும்பாலானவற்றை உறுதிசெய்தது. சீர்திருத்தங்கள் தொடர்ந்தன, 1902இல் மரணவீதம் விரைந்து தாழ்ந்தது. ஆயினும் அதற்குள் ஏறக்குறைய 28,000 போயர் மக்கள் முகாம்களில் இறந்திருந்தனர். அவர்களுட் சுமார் 22,000 பேர் 16 வயது நிறையாத சிறுவர். கறுப்பின மக்களுக்கெனத் தனியே அமைக்கப்பட்ட முகாம்களிற் குறைந்தது 14,000 பேர் மாண்டனர். அவர்களைப் பற்றி இங்கிலாந்தின் மனச்சாட்சியும் அன்று விழித்தெழவில்லை. பிரித்தானியச் சேனையில் இறந்தோர் ஏறக்குறைய 22,000 பேர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றது பகைவனின் குண்டன்று, காய்ச்சல் முதலிய நோய்களே. வீரர்களின் பெயராற் கூக்குரலிட்டோர், அவ்வீரர்க்குச் சுத்தமான குடிநீர் கிடைத்ததா என்று கேட்டிருக்கலாம் அல்லவா?

காந்தியடிகளின் தொண்டர் படை

இந்த யுத்தத்திற் காந்தியடிகளும் பங்குகொண்டார். தம் தனிப்பட்ட அனுதாபம் போயர்பால் இருந்ததெனினும், பிரித்தானியப் பிரசைகளென்று உரிமை கோரும் இந்தியர் அதற்குரிய கடமையையும் ஆற்றவேண்டும் என்று கருதி, காயமுற்றோரைச் சுமக்கும் படையொன்றை 1899இல் நேட்டாலில் அமைத்தார். அதிற் சேர்ந்த சுமார் 1,100 பேரில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர். நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளருள் மிகுதியானோர் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமாவர். கொலென்ஸோவிலும் ஸ்பியன்கொப்பிலும் அவர்கள் தொண்டாற்றினர். ரொபேட்ஸ் பிரபுவின் மகனைக் களத்திலிருந்து சுமந்து வந்தது தம் படையே என்று காந்தியடிகள் எழுதியுள்ளார்.

அத்தியாகத்துக்குக் கிடைத்த கைம்மாறு யாது? யுத்தம் முடிந்தபின் பிரித்தானியரின் கைக்கு வந்த திரான்ஸ்வாலில், 1906இல் இந்தியர் அனைவரும் கைரேகை பதிந்து பத்திரம் பெறவேண்டும் என்று கட்டளை பிறந்தது. சத்தியாக்கிரகம் தோன்றியது அதனை எதிர்த்தே. உயிரைப் பணயம் வைத்தால் உரிமை தானே வரும் என்ற நம்பிக்கை பொய்த்தது. 1914இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் காந்தியடிகளுக்கும் இடையே இணக்கம் காண உதவியோருள் ஒருவர், முன்னர் துரோகி எனத் தூற்றப்பட்ட அதே எமிலி ஹொப்ஹவுஸ் ஆவார்.

தியத்தலாவையிலே

இலங்கையும் இந்த யுத்தத்திற் சம்பந்தப்பட்டது. தோட்டத்துரைமாரைப் பெரும்பான்மையாகக் கொண்ட குதிரைப்படைப் பிரிவொன்று 1900இல் இங்கிருந்து பிரித்தானியருக்காகப் போரிடச் சென்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் போயர் கைதிகள் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினர். ஏறக்குறைய 5,000 பேர் ஊவா மலைநாட்டுத் தியத்தலாவையில் அமைக்கப்பட்ட முகாமில் வைக்கப்பட்டனர். யுத்தம் முடிந்ததும், பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோரே தாயகம் திரும்பலாம் என்று விதிக்கப்பட்டது. மறுத்தோர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவரான ஹென்றி எங்கெல்பிரெக்ட் அம்பாந்தோட்டையில் வாழ்ந்து, யால வனவிலங்குச் சரணாலயத்தின் காவலராய்ப் பணியாற்றி, 1922இல் அங்கேயே கண்மூடினார். தம் நாடு போரில் தோற்று மறைந்த பின்னரும் அதனிடத்து வைத்த பற்றை அவர் விடவில்லை. தோற்றவனிடத்தும் தேசாபிமானம் உண்டு என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

காலம் அளித்த தீர்ப்பு

பொதுசன அபிப்பிராயம் நிலையானதன்று. காக்கித் தேர்தலில் தோல்வியுற்ற கட்சியின் தலைவரான கம்பெல் பனர்மன், 1905 டிசம்பரிற் பிரதமரானார். அடுத்த மாதமே நடந்த தேர்தலிற் பெருவெற்றி பெற்றார். கூட்டத்துக்குத் தப்பியோடிய லொயிட் ஜோர்ஜ் 1916இற் பிரதமரானார். ஆனால் அவருடைய ஆட்சியிலேதான், உலக மகாயுத்தத்தை எதிர்த்தெழுதிய பேட்ரண்ட் ரசல் 1918இற் சிறையிடப்பட்டார். ஒரு காலத்திற் கல்லடிபட்டவரே அதிகாரம் கைக்கு வந்ததும் வினாவெழுப்புவோரைத் தண்டிக்க முற்பட்டார் என்றால், இக்குறை தனியொரு மனிதருக்கோ கட்சிக்கோ உரியதன்று என்பது தெளிவாகும்.

நாட்டுப்பற்று உயரிய குணமே. அதன் பொருட்டு உயிர்நீத்தோரை வணங்குவதும் நம் கடமையே. ஆனால் அந்த வணக்கம், இனி மடியவிருக்கும் இளைஞர்களைப் பற்றி நாம் கேட்கவேண்டிய வினாக்களை அடக்கிவிடலாகாது. 1901இல் ஹொப்ஹவுஸின் அறிக்கையை முழுமையாகப் படித்தபின் கோபங்கொண்டவர் எத்தனைபேர், படியாமலே கோபங்கொண்டவர் எத்தனைபேர் என்று மாணவர்கள் ஆராய்ந்து பார்ப்பார்களாக. போரைப் பற்றி எழுந்த எந்தக் குரலையும், அது யாருடைய குரல் என்று பாராமல், அது கூறும் செய்தி மெய்யா என்று முதலிற் பார்க்கும் பழக்கத்தை நம் பாடசாலைகள் வளர்க்குமாயின், அதுவே மாண்டவர்க்கு நாம் செய்யும் மெய்யான மரியாதையாகும்.