நாடியில் முளைக்கும் முடியும் மின்சார ஊசியும்

பெண்ணின் முகத்தில் முடி முளைத்தால் அதைப் பற்றிப் பேசவே கூசுகிறோம். மார்பில் கட்டி என்றால்கூட இன்று டிஸ்பென்சரிக்குப் போய்ச் சொல்கிறோம். ஆனால் நாடியிலோ மேலுதட்டிலோ நாலு முடி தடிப்பாக வளர்ந்தால் முந்தானையால் மறைத்துக்கொள்கிறோம். "மீசைக்காரி" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குப் போகாத பெண்கள் எங்கள் கொத்மலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

மாதர் சங்கக் கூட்டங்களில் சுகாதார விடயங்களைப் பேசிவரும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "கரண்ட் வச்சு முடியை அடியோட எடுக்கலாமாமே, நெசமாக்கா?" கூட்டத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை. எல்லோரும் எழுந்து போனபின் மெதுவாக வந்து கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

உண்மைதான். அதற்கு எலெக்ட்ரோலிசிஸ், அதாவது மின்னாற்பகுப்பு என்று பெயர். இது அழகுக்காகத் தொடங்கிய காரியம் அல்ல. கண் இமை முடி உட்பக்கமாக வளர்ந்து கருவிழியை உரசும் ஒரு நோய் உண்டு. பிடுங்கினாலும் அந்த முடி மறுபடி முளைக்கும். அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரத்துக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிஷெல், மெல்லிய ஊசியை முடியின் வேர்வரை விட்டு, பற்றரியிலிருந்து சிறிது மின்சாரம் செலுத்தினார். அந்த முடி மீண்டும் வளரவில்லை. 1875 இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். முகத்து முடிக்கு இம்முறை வந்தது அதன் பின்னர்தான்.

எப்படி வேலை செய்கிறது?

கொழுந்து பறித்தால் தேயிலைச் செடி மறுபடி துளிர்க்கிறது. வேர் மண்ணுக்குள் இருக்கிறதே. நூல் போட்டு எடுப்பதும், மெழுகு வைத்து இழுப்பதும், பிடுங்குவதும் கொழுந்து பறிப்பது போலத்தான். முடி வரும், அதை வளர்க்கும் வேர்ப்பகுதி தோலுக்குள் உயிரோடு இருக்கும்.

மின்னாற்பகுப்பில் முடி அளவே மெல்லிய ஊசியை, முடி வளரும் குழிக்குள் இறக்குகிறார்கள். அங்குள்ள ஈரத்தில் உப்பும் தண்ணீரும் உண்டு. மின்சாரம் பட்டதும் அவை மாறி கோஸ்டிக் சோடா உண்டாகிறது. சவர்க்காரம் செய்யப் பழகிய சகோதரிகளுக்கு அதன் காரம் தெரியும். அதில் ஒரு துளிக்கும் குறைந்த அளவு வேரை அழித்துவிடுகிறது. இன்னொரு முறையில் ஊசி நுனியில் உண்டாகும் சூடு வேரைப் பொசுக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வது மூன்றாவது முறை.

"கரண்ட்" என்றதும் பயம் வரலாம். எங்கள் கொத்மலை மின்நிலையம் 201 மெகாவாற் மின்சாரம் எடுக்கக் கூடியது. இந்த ஊசிக்கு அப்படி எதுவும் தேவையில்லை. சோடா உண்டாக்கும் முறையில் செல்வது ஏறத்தாழ ஓர் அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். சுள்ளென்று குத்தும், சிறிது எரியும். பிறகு சிவந்து வீங்கி, ஓரிரு நாட்களில் அடங்கும்.

ஆனால் ஒவ்வொரு முடியாகத்தான் எடுக்க வேண்டும். அதோடு முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும்போது சில உறங்கிக் கிடக்கும். ஆகையால் நாடியை மட்டும் முடிக்கவே ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். புஸ்ஸல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், மொத்தம் எத்தனை தடவை என்றும் கேட்டுக் கணக்குப் பாருங்கள்.

லேசர் வேறு. அதன் ஒளி முடியின் கருமையைத் தேடிப் பாயும். நமது தோலும் கருமை என்பதால், பொருத்தமில்லாத கருவியில் தோல் வெந்து தழும்பாகலாம். நரைத்த முடியில் லேசர் வேலை செய்யாது. மாதவிடாய் நின்றபின் நாடியில் வெள்ளை முடி முளைக்கும் அம்மாமாருக்கு ஊசி முறைதான் பலன் தரும். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமும் மின்னாற்பகுப்பையே நிரந்தர நீக்கம் என்கிறது; லேசரை நிரந்தரக் குறைப்பு என்றுதான் சொல்கிறது. ட்வீசரால் முடியைப் பிடித்து மின்சாரம் விடும் கருவிகளை வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம். முடி வழியாக மின்சாரம் வேருக்குச் சரியாகப் போகாது.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

ஊசி முடியைத்தான் எடுக்கும். முடி வரக் காரணமானதை எடுக்காது. காரணம் உள்ளே இருந்தால் பக்கத்தில் புது முடி வந்துகொண்டே இருக்கும்.

சிலருக்கு இது பரம்பரை. பலருக்கு சூலகத்தில் சிறு நீர்க்கட்டிகளோடு ஹோமோன் மாறும் பி.சி.ஓ.எஸ். என்ற நிலை. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையான பெண்களிடம் செய்து 2008 இல் வெளியான ஆய்வில், 100 பேரில் 6 பேருக்கு மேல் இது இருந்தது. மாதவிடாய் தவறுதல், எடை கூடுதல், பிள்ளை தங்காமை, பிற்காலத்தில் சீனி வியாதி எல்லாம் இதோடு வரலாம். வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீரொய்டும் முடியை வளர்க்கும்.

யுத்தத்தில் அடிபட்ட சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அப்படிப் போன குடும்பத்தில் பிறந்த ஓர் அக்கா, 2009 இன் பின் இங்கே உறவினரிடம் வந்து சேர்ந்தார். தலையில் செல் துண்டு பட்டு வலிப்பு வந்ததால், பல வருடங்களாகப் பெனிட்டோயின் குளிசை குடித்து வந்தார். முகத்திலும் கைகளிலும் முடி அடர்ந்தது. "சண்டையில எல்லாம் போயி, கடைசியில பொம்பளைங்கிற அடையாளமும் போச்சு" என்று அழுதார். அந்தக் குளிசை சிலருக்கு முடியை வளர்க்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கிளினிக்கில் விடயத்தைச் சொன்னபோது, வைத்தியர் படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றினார். நீங்களாகவே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு திரும்பி உயிருக்கே ஆபத்தாகும்.

திடீரென முடி வேகமாக அடர்ந்தாலோ, குரல் தடித்தாலோ, முன்தலை ஆண்களைப் போல வழுக்கையானாலோ தாமதிக்க வேண்டாம். சூலகத்திலோ சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். தோட்டத்து மிட்வைப்பிடமோ சுகவனிதையர் கிளினிக்கிலோ சொன்னால், எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை.

ஊசி போடப் போகிறீர்களா?

* ஊசி புதியதாக, உங்கள் கண்முன்னே பொதி பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்குப் போட்ட ஊசியால் ஈரல் அழற்சியும் எயிட்ஸ் கிருமியும் தொற்றலாம்.

* உடம்பில் செல் துண்டு, சன்னம், உலோகத் தகடு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

* காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து எழும் உடம்பா? அதையும் சொல்லுங்கள். முதல் நாளில் சில முடிகளை மட்டும் எடுத்து, சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள்.

* செய்த இடத்தைச் சொறியவும் வெயிலில் காட்டவும் வேண்டாம். நமது தோலில் கரும்புள்ளி எளிதில் விழும்.

காசில்லாதவர்கள் மனம் உடைய வேண்டாம். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது உண்மையல்ல. உங்களுக்கென்று தனி ரேசர் வைத்துச் சவரம் செய்வதோ, நூல் போடுவதோ போதும். பிளேட்டை மட்டும் அக்கா தங்கையோடுகூடப் பகிர வேண்டாம்.

எடுக்காமல் விட்டாலும் குற்றமில்லை. அது உங்கள் விருப்பம். ஆனால் முடியோடு மாதவிடாயும் தவறுகிறதென்றால் அதை மூடி வைக்காதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் மிட்வைப்பைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.