மழை போட்டுத்தரும் பயணத் திட்டம்

நகரம், கோயில், கடற்கரை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கத் தென்கிழக்கு ஆசியா புறப்படுபவர்கள் விமானக் கட்டணத்துக்கு முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது.

ஏழு நாளில் நான்கு நாடுகள். கோடை விடுமுறை நெருங்கும்போதும் தீபாவளிக்கு முன்பும் பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் இப்படி ஒரு கணக்கு தவறாமல் இடம்பெறும். சிங்கப்பூரின் சிங்கமீன் சிலை, கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம், பாங்காக்கின் புத்தர், பாலியின் அலைகள் எல்லாம் ஒரே படத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பல வருடங்கள் சேமித்து, குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் முதல்முறையாக வெளிநாடு கிளம்பும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு கவர்ச்சியாகவே இருக்கும். எப்படியும் போகிறோம், நாலையும் பார்த்துவிடலாமே?

பார்க்க முடியாது என்பதுதான் விஷயம். ஏழு நாளில் நான்கு நாடுகள் என்றால் போக, வர, இடையில் மாற என்று ஐந்து விமானங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டலைக் காலி செய்வது, நெரிசலில் விமான நிலையம் சேர்வது, இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக வரிசையில் நிற்பது, இரண்டு மணி நேரம் பறப்பது, இமிக்ரேஷன், பெட்டிக்காகக் காத்திருப்பது, புதிய ஊரில் மறுபடி டாக்சி. விழித்திருக்கும் நேரத்தில் ஏழெட்டு மணி நேரம் இதிலேயே போய்விடும். ஏழு நாளில் ஐந்து நாட்கள் இப்படி அரைகுறையானால் மிச்சம் இருப்பது புகைப்படம் எடுக்கும் நேரம் மட்டுமே. பன்னிரண்டு இரவுகள் கையில் இருந்தால் நான்கு இடங்கள். ஏழு இரவுகள் என்றால் இரண்டு. இதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு ஊரும் ஏற்கனவே பட்டியலில் உள்ள ஊரின் நேரத்தைத்தான் தின்கிறது.

எந்த நான்கு இடங்கள் என்ற கேள்விக்குத்தான் மழை பதில் சொல்கிறது.

ஜூனில் கொச்சி நனையும்போது சென்னை வெயிலில் காய்வதும், நவம்பரில் சென்னையில் தெருக்கள் மிதப்பதும் நமக்குத் தெரிந்த சங்கதி. அதே இரண்டு பருவக்காற்றுகள்தான் அங்கும் ஆட்சி செய்கின்றன. தாய்லாந்தின் தெற்கிலிருந்து சிங்கப்பூர்வரை நீளும் தீபகற்பத்துக்கு இரண்டு கரைகள். மேற்குக் கரையில் ஃபுக்கெட்டும் கிராபியும் மே முதல் அக்டோபர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அடி வாங்குகின்றன. படகுகள் ரத்தாகும், கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும். அதே கரையில் இன்னும் தெற்கே உள்ள மலேசியத் தீவான லங்காவி டிசம்பர் முதல் மார்ச்வரை தெளிவாக இருக்கும். கிழக்குக் கரையில் கதை தலைகீழ். தாய்லாந்தின் சமுய் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டித் தீர்க்கும். நவம்பர் மிக மோசம். மலேசியாவின் ரெடாங், பெர்ஹென்தியான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரிவரை பெரும்பாலான விடுதிகள் கதவையே மூடிவிடுகின்றன.

பாலியும் ஜாவாவும் பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் அவற்றின் கணக்கு வேறு. அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர்வரை வறண்ட காலம். டிசம்பர், ஜனவரியில் நல்ல மழை. மத்திய வியட்நாமில் தநாங், ஹோய் ஆன் பகுதிகளில் பிப்ரவரி முதல் ஆகஸ்ட்வரை வானம் வெளுத்திருக்கும். அக்டோபரிலும் நவம்பரிலும் ஹோய் ஆனின் பழைய தெருக்களில் வெள்ளம் புகுவது ஏறக்குறைய வருடாந்திரச் சடங்கு.

இதை நம் பள்ளி விடுமுறைகளோடு பொருத்திப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. டிசம்பர் விடுமுறை என்றால் பாங்காக், அங்கோர், பிறகு கிராபி அல்லது லங்காவி, கடைசியில் கோலாலம்பூர். மே மாதம் என்றால் சிங்கப்பூர், ஜாவாவின் யோக்யகர்த்தா, பாலி; அல்லது ஹோய் ஆன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பூஜை, தீபாவளி விடுமுறைகள். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்குக் கிடைப்பது அப்போதுதான். தீபாவளி அக்டோபரில் வந்தால் பாலி இன்னும் கைகொடுக்கும். நவம்பருக்குத் தள்ளிப்போனால் கம்போடியாவின் கோயில்கள் நல்ல தேர்வு: மழை ஓய்ந்து, அகழிகள் நிறைந்து, வயல்கள் பச்சையாக இருக்கும். அப்போது சமுய்க்கு டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று யோசிக்க வேண்டும்.

கோயில்களுக்கு வருவோம். அங்கோருக்கு ஒரு நாள் ஒதுக்குபவர்கள் ஏமாறுகிறார்கள். அங்கோர் வாட் ஒரு கோயில். அங்கோர் என்பது ஒரு தலைநகரப் பிரதேசம். இரண்டாம் சூரியவர்மன் 12-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் விஷ்ணுவுக்காக எழுப்பிய அங்கோர் வாட்டையும், அந்த நூற்றாண்டின் இறுதியில் ஏழாம் ஜெயவர்மன் கட்டிய பௌத்தக் கோயிலான பாயோனையும், மரவேர்கள் சுவர்களைப் பற்றியிருக்கும் தா ப்ரோமையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்தால் மாலையில் நினைவிருப்பது முழங்கால் வலிதான். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர் என்று 2017-ல் கட்டணத்தை உயர்த்தினார்கள். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பத்து நாட்களுக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் மூன்று நாள் போகலாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு நாள் நடக்கலாம், ஒரு நாள் ஓய்வெடுக்கலாம்.

சூரிய உதயத்துக்கு அங்கோர் வாட்டின் குளக்கரையில் கூட்டம் முண்டியடிக்கிறது. கோயில் மேற்குப் பார்த்தது என்பதால் காலையில் தெரிவது கருத்த உருவம் மட்டுமே. கல்லில் வெயில் விழுந்து சிற்பங்கள் துலங்குவது பிற்பகலில். இன்னொன்று: நாம் பழக்கதோஷத்தில் வலம் வரத் தொடங்குவோம். அங்கே நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பி, கோயில் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்தால்தான் குருட்சேத்திரம், சூரியவர்மனின் படை ஊர்வலம், சொர்க்க நரகங்கள், பாற்கடல் கடைதல் என்று புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக விரிகின்றன. பாற்கடல் காட்சி மட்டும் சுமார் 49 மீட்டர் நீளம். இதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். வாசுகியை இழுக்கும் அசுரர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு நகர மனம் வராது. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993வரை, கம்போடியா இன்னும் உள்நாட்டுப் போரிலிருந்து மீளாத காலத்தில், இந்தக் கோயிலில் பழுதுபார்க்கும் பணி செய்தது என்பதும் நம்மவர்களில் அதிகம் பேருக்குத் தெரியாது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பந்தேய் ஸ்ரீக்குப் போக வேண்டும். 967-ல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். கட்டியவர் அரசர் அல்ல. யக்ஞவராகன் என்ற அரசவைப் பெரியவர். கை அகலச் சிவப்புக் கல்லில் மரவேலைபோல நுணுக்கம். 1923-ல் இங்கிருந்து சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக் கைதான பிரெஞ்சு இளைஞர் ஆந்த்ரே மால்ரோ, பிற்பாடு எழுத்தாளராகிப் பிரான்சின் கலாச்சார அமைச்சரும் ஆனார். நம் கோயில் சிலைகள் கடல் கடந்த கதைகளைப் படித்தவர்களுக்கு இது பழகிய பாதையாகவே தோன்றும்.

மே மாதக்காரர்களும் கோயில் இல்லாமல் தவிக்க வேண்டியதில்லை. யோக்யகர்த்தாவைச் சுற்றி 9-ம் நூற்றாண்டின் இரண்டு அதிசயங்கள்: பிரம்பானனில் 47 மீட்டர் உயரச் சிவன் கோயில், போரோபுதூரில் பௌத்தக் கல்மலை. போரோபுதூரின் மேல் அடுக்குகளுக்கு ஏறுவதற்கு 2023-ல் 1,200 பேர் என்று தினசரி வரம்பு வைத்தார்கள்; அதுவும் அவர்கள் தரும் செருப்பை அணிந்துகொண்டு. முன்பதிவு செய்யாமல் போனால் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் மீ சோன் பள்ளத்தாக்கு: சம்பா அரசர்களின் சிவாலயங்கள், 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்தவை. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு வேலையில் இருந்தபோது, 2020 மே மாதம், ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது.

தமிழ்த் தடயம் தேடுபவர்களுக்குக் கடற்கரையிலேயே ஒன்று உண்டு. கிராபி, ஃபுக்கெட் பக்கம் போகிறவர்கள் நாடும் காவ் லாக் கடற்கரை தகுவா பா மாவட்டத்தில் இருக்கிறது. இந்தத் தகுவா பா வட்டாரத்தில்தான் 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தையும் அதன் காவலுக்குப் பொறுப்பான மணிக்கிராமத்தாரையும் அது குறிப்பிடுகிறது. நம் வணிகர்கள் அங்கே குளம் வெட்டினார்கள். நாம் நீச்சல் குளம் உள்ள ஓட்டல் தேடுகிறோம்.

இனி எல்லைகள். பாங்காக்கிலிருந்து அங்கோருக்குத் தரை வழியாகப் பேருந்தில் போவது நீண்டகாலம் மலிவான, பிரபலமான வழியாக இருந்தது. 2025-ல் தாய்லாந்தும் கம்போடியாவும் மோதிக்கொண்டதில் அந்த எல்லை மூடப்பட்டது. ஜூலையிலும் மறுபடி டிசம்பரிலும் சண்டை நடந்தது. தகராறின் பழைய வேர் ஒரு சிவன் கோயில்: பிரா விஹார். 1962-ல் சர்வதேச நீதிமன்றம் அதைக் கம்போடியாவுக்கு என்று தீர்ப்பளித்தும் தீராத பிரச்சினை. எனவே இந்தப் பயணத்துக்கு விமானத்தையே நம்ப வேண்டும். அதிலும் பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு விஷயத்தில் உதவாது: சியம் ரியப்பின் பழைய விமான நிலையம் ஊரை ஒட்டி இருந்தது, 2023 அக்டோபரில் திறந்த புதியது நகரிலிருந்து வெகு தூரம். டாக்சிச் செலவையும் ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசாவில் பலர் கோட்டை விடுவது ஒற்றை நுழைவு என்ற சொல்லில். வியட்நாமில் இறங்கி, கம்போடியா போய்விட்டு, திரும்பவும் வியட்நாம் வழியாக ஊர் திரும்ப நினைத்தால் பல முறை நுழையும் விசா வேண்டும். தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியர்களுக்கு விசா தேவையை நீக்கின. மலேசியாவின் சலுகை 2026 டிசம்பர் 31வரை என்று அறிவிக்கப்பட்டது. இவை மாறக்கூடிய சலுகைகள் என்பதால் டிக்கெட் எடுக்கும் நாளில் தூதரக அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது எல்லா இடத்துக்கும் பொது.

டிக்கெட்டை ஒரே ஊருக்குப் போகவர எடுப்பதைவிட, முதல் ஊரில் இறங்கிக் கடைசி ஊரிலிருந்து திரும்பும்படி எடுப்பது புத்திசாலித்தனம். வந்த வழியே திரும்புவதில் ஒரு நாள் வீணாகாது. நடுவில் மலிவு விமானங்களைத் தனித்தனியாக எடுப்பவர்கள் கவனிக்க: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் காத்திருக்காது, பணமும் தராது. பாங்காக்கில் சுவர்ணபூமி, தோன் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவது என்றால் குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளி வேண்டும்.

சைவ உணவுக்காரர்கள் அரிசியைப் பார்த்ததும் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இறால் விழுது சேரும். தாய்லாந்தில் “ஜே” என்றும் வியட்நாமில் “சாய்” என்றும் கேட்டால் புரிந்துகொள்வார்கள். அந்தச் சொல் எழுதிய பலகையுள்ள கடைகளும் உண்டு.

கோயில்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். பாலியில் இடுப்பில் சுற்ற சரோங்கும் துண்டும் வேண்டும். பாலிக்கு மார்ச் மாதம் போகிறவர்கள் மட்டும் ஒரு தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களின் சக ஆண்டுப் பிறப்பான நியெப்பி பெரும்பாலும் அந்த மாதத்தில் வருகிறது. அன்று 24 மணி நேரம் விளக்கு ஏற்றக் கூடாது, தெருவில் நடமாடக் கூடாது. சுற்றுலாப் பயணிகளும் ஓட்டலுக்குள்ளேயே இருக்க வேண்டும். விமான நிலையத்தையும் மூடிவிடுகிறார்கள்.