ஆர்சி டிரக் முதல் வளைவிலேயே கவிழுதா? தம்மம்பட்டி செம்மண்ணுக்கு ஏற்ப டியூன் செய்வது எப்படி?

புது டிரக். ஃபுல் சார்ஜ். ரிமோட்டின் டிரிக்கரை அழுத்தியதும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சீறுகிறது. முதல் வளைவிலேயே குட்டிக்கரணம். நிமிர்த்தி வைத்து மறுபடி ஓட்டினால், அடுத்த மேட்டில் மூக்கு குத்தி விழுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் உடைந்து தொங்குகிறது.

ரிமோட்டில் ஓடும் ஆஃப்-ரோடு டிரக் வாங்கிய பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். உடனே மனதில் தோன்றுவது, "மோட்டார் பவர் பத்தல, பெருசா மாத்தணும்" என்பதுதான். ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாத வண்டிக்குக் கூடுதல் வேகம் கொடுத்தால், அது கூடுதல் வேகத்தில் உடையும். அவ்வளவுதான்.

தரமான ஆர்சி டிரக்குகளும் உதிரி பாகங்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. பொம்மைகள் மீதான சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. உடைந்த பாகத்துக்குக் காத்திருப்பதும் செலவழிப்பதும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் சரியாக டியூன் செய்ய, பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை.

இந்த டிரக்குகள் எங்கிருந்து வந்தன?

ஜப்பானின் தமியா நிறுவனம் 1979-ல் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் ஆகிய மாடல்களை வெளியிட்டது. மணலிலும் மண்ணிலும் ஆர்சி வண்டி ஓட்டும் ஆர்வம் அதன் பிறகுதான் உலகெங்கும் பரவியது. 1985-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள டெல் மாரில், 1/10 அளவு ஆஃப்-ரோடு வண்டிகளுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது.

பாஹா 1000 போன்ற பாலைவனப் பந்தயங்களில் ஓடும் நிஜ டிரக்குகளைப் பார்த்து உருவானவைதான் 'ஷார்ட் கோர்ஸ்' டிரக்குகள். 2008-ல் டிராக்சஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் வந்த பிறகு இந்த வகை பெரிய அளவில் பிரபலமானது. இந்தியாவில் கல்லூரி விழாக்கள் இந்த ஆர்வத்துக்குத் தீனி போட்டன. ஐஐடி மும்பையின் டெக்ஃபெஸ்ட் விழாவில் 'ஃபுல் த்ராட்டில்' என்ற பெயரில், எஞ்சின் பொருத்திய ஆர்சி கார்களுக்கான பந்தயம் நடத்தப்பட்டிருக்கிறது.

நம்ம ஊர் மண்ணில் என்ன சிக்கல்?

சேலம் மாவட்டத்தில் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையில் இருக்கிறது தம்மம்பட்டி. இந்தப் பக்கம் செம்மண் அதிகம். கோடையில் அடியில் கெட்டியாகவும் மேலே தூசியும் சரளையுமாகவும் கிடக்கும் தரையில் டயருக்குப் பிடி கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும் அதே மண் டயர் பட்டன்களுக்கு இடையில் அப்பிக்கொள்ளும்.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லப்படும் செட்டிங் பெரும்பாலும் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிச் சமன்படுத்திய டிராக்குகளுக்கானது. அதை அப்படியே இங்கே வைத்தால் வண்டி தடுமாறத்தான் செய்யும்.

முதல் வேலை: வண்டியைச் சமப்படுத்துங்கள்

டியூனிங் தொடங்கும் முன் ஒரு சோதனை. நான்கு ஷாக் அப்சார்பர்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஆர்மையும் தூக்கிவிட வேண்டும். தன் எடையிலேயே அது சட்டென்று கீழே விழ வேண்டும். இறுகி நின்றால் திருகு அதிகமாக முடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது மண் புகுந்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் மற்றதை மாற்றிப் பயனில்லை.

அடுத்து, வளைவே இல்லாத ஒரு பலகை தேவை. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில், ஒரு பலகையைச் சமமாக இழைத்துத் தரப் பட்டறைக்கா பஞ்சம்? சக்கரக் கோணம், தரை உயரம் எல்லாவற்றையும் இந்தப் பலகையின் மேல் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

டயர்: பாதிப் பந்தயம் இங்கேதான்

மோட்டார் எவ்வளவு சுழன்றாலும் மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தான். தூசி, சரளை நிறைந்த தரைக்கு உயரமான, இடைவெளிவிட்ட பட்டன்கள் கொண்ட டயர் நல்லது. வண்டிகள் ஓடி ஓடி இறுகிய தரைக்குக் குட்டையான, நெருக்கமான பட்டன்கள் போதும். ரப்பர் மென்மையானால் பிடி அதிகம், ஆனால் சீக்கிரம் தேயும்.

பந்தய டயர்கள் பெரும்பாலும் ரிம்மில் பசை போட்டு ஒட்டப்படுபவை. ஓரம் எங்காவது பிரிந்திருந்தால் வண்டி காரணமே தெரியாமல் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டும் முன் விரலால் தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது.

ஷாக், ஆயில், உயரம்

ஷாக்குக்குள் இருப்பது சிலிக்கான் ஆயில். அது கெட்டியானால் ஷாக் மெதுவாக அசையும். நீர்த்தால் வேகமாக அசையும். பாட்டிலில் '30 வெயிட்', '40 வெயிட்' என்று போட்டிருக்கும். ஆனால் இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சென்டிஸ்டோக்ஸ் அளவைப் பார்த்து வாங்குவதே சரி. பல கம்பெனிகளில் 30 வெயிட் என்பது சுமார் 350 சென்டிஸ்டோக்ஸ்.

சூடு ஏறினால் ஆயில் நீர்க்கும். காலையில் அருமையாக ஓடிய வண்டி, சித்திரை வெயிலில் மதியம் தத்தித் தத்தி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கோடைப் பகலில் ஒரு படி கெட்டியான ஆயில் உதவும்.

ஆயில் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழிகள் எல்லாம் வெளியேறச் சில நிமிடங்கள் விட வேண்டும். மூடிய பிறகு அழுத்தினால் 'சளக் சளக்' என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

உயரம் பார்க்க, பேட்டரியைப் பொருத்தி, வண்டியைப் பலகையின் மேல் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். அடங்கி நிற்கும்போது பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் தரைக்கு இணையாக இருந்தால் அது நல்ல தொடக்கம். கல்லும் குழியுமான தரைக்குக் கொஞ்சம் ஏற்றலாம். ஆனால் உயரம் கூடக்கூடக் கவிழும் வாய்ப்பும் கூடும்.

சக்கரக் கோணம் எவ்வளவு?

முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் லேசாகச் சாய்வது நெகட்டிவ் கேம்பர். 1 முதல் 2 டிகிரி போதும். மேலிருந்து பார்க்கும்போது பின்சக்கரங்களின் முன்முனைகள் உள்நோக்கி இருப்பது டோ-இன். பல டிரக்குகளில் இது சுமார் 3 டிகிரி. வண்டியை நேராக வைத்திருப்பது இதுதான். முன்சக்கரங்களை நேராகவோ, மிக லேசாக வெளிநோக்கியோ வைக்கலாம்.

மோட்டாரும் கியரும்

பிரஷ்லெஸ் மோட்டாரில் 'கேவி' என்று ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதே அது. 3500 கேவி மோட்டாரை 7.4 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், சுமை இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 25,900 சுற்று. 11.1 வோல்ட் கொடுத்தால் அது சுமார் 38,850 ஆகும். வேகத்தோடு சூடும் ஏறும்.

மோட்டாரில் இருக்கும் சின்ன கியர் பினியன். பல் கூடினால் டாப் ஸ்பீடு கூடும், சூடும் கூடும். பல் குறைந்தால் இழுவை கூடும், சூடு குறையும். ஒரு நேரத்தில் ஒரு பல் மட்டுமே மாற்ற வேண்டும். கொரோனா காலத்தில் பழகிய தெர்மாமீட்டர் துப்பாக்கியைப் போலவே, பொருட்களின் சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியும் கிடைக்கிறது. ஓட்டி முடித்ததும் அதை மோட்டார் மேல் காட்டுங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனைக் குறைக்க வேண்டும்.

இரண்டு கியருக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து நெருக்கி, திருகை இறுக்கிவிட்டு, காகிதத்தை உருவிவிட்டால் சரியான இடைவெளி கிடைக்கும்.

எந்தப் பிரச்சினைக்கு என்ன தீர்வு?

• "திருப்பினாலும் நேராவே போகுது": முன்பக்க ஸ்பிரிங்கை மென்மையாக்கலாம், அல்லது முன்பக்கம் பிடி அதிகமுள்ள டயர் போடலாம்.

• "பின்பக்கம் வழுக்கிச் சுத்துது": பின்பக்க ஸ்பிரிங்கை மென்மையாக்கலாம். ரிமோட்டில் ஸ்டியரிங் அளவைக் குறைக்கலாம். டிரிக்கரைப் படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும்.

• "வளைவில் கவிழுது": உயரத்தைக் குறைத்துப் பாருங்கள். பிறகு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாக்கலாம்.

• "குதிச்சு இறங்கும்போது அடி தட்டுது": கெட்டியான ஆயில் தேவை.

• "சின்ன மேடுபள்ளத்துல தத்துது": நீர்த்த ஆயில் அல்லது மென்மையான ஸ்பிரிங் தேவை.

• "குதிக்கும்போது மூக்கு குத்துது": இது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. வண்டி காற்றில் இருக்கும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மூக்கு மேலே எழும், பிரேக் பிடித்தால் கீழே இறங்கும். சக்கரங்களின் சுழற்சி மாறும்போது, அதற்கு எதிர்த்திசையில் வண்டியின் உடல் திரும்புவதே காரணம்.

இதில் ஒரே ஒரு விதிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது பலித்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

பேட்டரி: இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

வண்டி உடைந்தால் பாகம் வாங்கலாம். ஆனால் லைப்போ பேட்டரியைத் தவறாகக் கையாண்டால் வீடே தீப்பிடிக்கலாம்.

ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றக்கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடக்கூடாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியில் லைப்போ கட்-ஆஃப் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிட வேண்டும். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவது பாதுகாப்பானது. செல்களைச் சமன்செய்யும் பேலன்ஸ் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். சில நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும்.

ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. மெத்தை, பாய், ஓலைக் கூரை பக்கத்தில் வேண்டாம். சிமென்ட் தரையில், லைப்போ பைக்குள் வைத்து, ஆள் அருகிலிருக்கும்போது மட்டுமே சார்ஜ் ஏற்ற வேண்டும். ஓடி முடிந்த பேட்டரி ஆறிய பிறகே சார்ஜுக்குப் போக வேண்டும். உப்பிய பேட்டரியை இன்னொரு முறைகூடப் பயன்படுத்தக்கூடாது. புகை வந்தால் அதைச் சுவாசிக்காமல் எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

ரிமோட்டுக்கு உரிமம் வேண்டுமா?

இன்றைய ரிமோட்டுகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. நிர்ணயிக்கப்பட்ட சக்தி வரம்புக்குள் இந்த அலைவரிசையைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என 2005-ல் மத்திய அரசு அறிவித்தது.

முதலில் ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும், பிறகுதான் வண்டி. நிறுத்தும்போது முதலில் வண்டி, பிறகு ரிமோட். சிக்னல் போனால் வண்டி தானாக நிற்கும் ஃபெயில்-சேஃப் வசதியைச் சக்கரங்கள் தரையில் படாதபடி வைத்துச் சோதித்துவிட வேண்டும். சில கிலோ எடையுள்ள வண்டி வேகமாக வந்து குழந்தையின் காலில் மோதினால் எலும்பு முறியலாம். பொதுச் சாலையும், குழந்தைகள் ஓடியாடும் தெருவும் இதற்கான இடமல்ல. அறுவடை முடிந்த காடு, உரிமையாளரின் அனுமதியோடு, போதும்.

டயர், உயரம், ஷாக் மூன்றும் சரியான பிறகும் வேகம் போதவில்லை என்று தோன்றினால், அப்போது மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம். வண்டி கவிழாமல் முழுச் சுற்றும் ஓடத் தொடங்கியதும், பலருக்கு அந்த யோசனையே வருவதில்லை.