கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி



நம் கடைப் பாக்கெட்டில் எடையும் விலையும் அச்சிடாவிட்டால் அதிகாரி விடுவதில்லை. ஆனால் நம் சேமிப்புக் கணக்கில் எதற்கெல்லாம் பிடித்தம் என்பதை நாம் படிப்பதே இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் என் மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், மகள் கல்யாணத்துக்காகப் போட்டு வைத்த பணத்தில் சில நூறு ரூபாய் குறைந்திருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதமாம். "இங்கிலீசுல இருந்துச்சுங்க முதலாளி, காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டேனுங்க" என்றார். அவரை அழைத்துச் சென்று கணக்குத் தொடங்கி வைத்தவனே நான்தான். நானும் படிக்கவில்லை.

பிறகு விசாரித்தேன். ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்குத் தொடங்கும் படிவம், பாஸ்புக் முதலியவை தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். 2015 ஏப்ரல் முதல், இருப்பு குறைந்தால் முதலில் தகவல் தந்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் கொடுத்த பின்பே அபராதம் போடலாம். அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. 2012-ல் வந்த 'அடிப்படை சேமிப்புக் கணக்கு'க்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. அவர் கணக்கை அப்படியே மாற்றிவிட்டோம்.

ஆகவே, எவ்வளவு இருப்பு வேண்டும், குறைந்தால் எவ்வளவு பிடிப்பீர்கள், வேறென்ன கட்டணம் என்று கேளுங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். குறையை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம், கட்டணமில்லை.

கடனுக்குச் சரக்குப் போடுமுன் பத்து முறை யோசிக்கும் நாம், கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? நம் கடைப் பையன்களுக்கும் சேர்த்துக் கேட்போம்.