ஒளியில் மௌனமாகும் சாட்சி

சூரிய ஒளியைக் கொண்டு இலை உணவு ஆக்கும் இடம் பச்சையவுருமணி என்பதை நாம் பாடசாலையில் கற்றோம். புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகள் அதனையே 'குளோரோபிளாஸ்ட்' என்று கற்கின்றனர். அதனுள்ளே அடுக்கடுக்காக அமைந்த மென்சவ்வுகளே ஒளியை ஏற்று இலத்திரன்களை ஓடச் செய்கின்றன. ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கிலும் மெல்லிய அச்சவ்வு ஒளி படும்போது இறுகுகின்றதா, இளகுகின்றதா? சாதாரண நுணுக்குக்காட்டியால் இதனை அறிய இயலாது. உள்ளே ஒரு சாட்சியை அனுப்ப வேண்டும்.

அத்தகைய சாட்சியே 'சுழல் அடையாளம்' எனும் மூலக்கூறு. 1965இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹார்டன் மக்கொனல் குழுவினர் இம்முறையை அறிமுகஞ் செய்தனர். நைதரசனும் ஒட்சிசனும் இணைந்த சிறு கூட்டமொன்றில் சோடி சேராத இலத்திரன் ஒன்று தனித்து நிற்கும். அக்கூட்டத்தைக் கொழுப்பமிலமொன்றுடன் பிணைத்துச் சவ்வினுள் புகுத்துவர். பின்னர் காந்தப் புலத்தில் வைத்து நுண்ணலைகளைச் செலுத்தினால், அத்தனி இலத்திரன் தன் இருப்பை மூன்று கோடுகளாகப் பதிவு செய்யும். மூலக்கூறு தடையின்றிப் புரளுமாயின் கோடுகள் கூராக இருக்கும். சுற்றாடல் இறுகினால் அவை அகன்று மழுங்கும். கொழுப்பமிலச் சங்கிலியின் ஐந்தாம் காபனில் அடையாளத்தைப் பிணைத்தால் சவ்வின் மேற்பரப்பை அண்டிய நிலையும், பதினாறாம் காபனில் பிணைத்தால் அதன் நடுப்பகுதியின் நிலையும் தெரியவரும்.

1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் லெஸ்ரர் பாக்கர் முதலியோர் ஒளியூட்டிய பச்சையவுருமணிகளில் இம்முறையைக் கையாண்டனர். இங்கேதான் சிக்கல் எழுகின்றது. விளக்கை ஏற்றியதும் கோடுகளின் வடிவம் மாறுவதற்கு முன்பே அவற்றின் உயரம் குறையக்கூடும். சவ்வில் ஓடும் இலத்திரன்களில் ஒன்றை அடையாளம் தானே ஏற்றுக்கொள்கின்றது; அதன் தனி இலத்திரனுக்குச் சோடி கிடைக்கின்றது; சமிக்ஞை அற்றுப்போகின்றது. அடையாளம் அழிந்துவிடவில்லை, பேசாதிருக்கின்றது, அவ்வளவே.

இதனை உணராத ஆய்வாளர் எளிதில் ஏமாறுவார். இலத்திரன் எட்டும் இடங்களிலுள்ள அடையாளங்கள் முதலில் மௌனமாக, எட்டாத மூலைகளிலுள்ளவை மட்டும் பேசிக்கொண்டிருக்கும். எஞ்சியவற்றின் கூற்றை முழுச் சவ்வின் கூற்றென்று கொண்டால், நிகழாத மாற்றத்தை நிகழ்ந்ததாக எழுதிவிடுவோம். விளக்கின் வெப்பமே சவ்வை இளக்கிவிடவுங் கூடும். ஆதலால் வெப்பத்தை வடிகட்டுவர். இருளிலும் ஒளியிலும் அளந்து ஒப்பிடுவர். டையூரன் எனும் களைகொல்லியால் இலத்திரன் ஓட்டத்தைத் தடுத்து, சமிக்ஞையின் வீழ்ச்சி குறைகின்றதா எனப் பார்ப்பர். பெரிசயனைட்டைச் சேர்த்து, மௌனமானவற்றை மீண்டும் பேசவைக்க முயல்வர். அவ்வாறு செய்யும்போது அம்மௌனமே ஒரு சான்றாகிவிடுகின்றது. அது மறையும் வேகம், இலத்திரன்கள் எங்கே, எவ்வளவு விரைவாக அடையாளத்தை எட்டுகின்றன என்பதைக் கூறும்.

விரிவுரை மண்டபத்தில் இப்பாடத்தை நாம் ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகவே சொல்லிக் கடந்ததுண்டு. அகதி விசாரணை மேசையின் முன்னால், அதிகாரியின் வினாவுக்கு வாய் திறக்க இயலாது அமர்ந்திருந்தோரை அறிந்த பின்னர், அதனை அவ்வாறு கடந்துபோக மனம் வரவில்லை. சாட்சி பேசவில்லையெனில், அதற்குச் சொல்ல எதுவும் இல்லை என்று எழுதி முடிப்பது எளிது. அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதே ஆய்வு.