வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள்

ஸஹர் நேரத்தில் காஸ் தீர்ந்துவிட்டால் கைகொடுக்கும் என்று இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வாங்கிய கையோடு அதை எங்கே சொருகுகிறோம்? பல வீடுகளில் மிக்ஸிக்குப் பக்கத்தில் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான். பெரிய பின் நுழையவில்லையென்றால் கடையில் கன்வர்ஷன் பிளக் வாங்கி மாட்டி விடுகிறோம். அடுப்பும் எரிகிறது, சாப்பாடும் ஆகிறது. சில வாரங்கள் கழித்து பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருக்கும். லேசாக பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கும். வோல்ட் என்பது மின்னழுத்தம். மாடித் தொட்டி உயரத்தில் இருப்பதால் குழாயில் தண்ணீருக்கு வரும் அழுத்தம் போல. வாட் என்பது மின்திறன், அதாவது ஒவ்வொரு விநாடியும் அந்தப் பொருள் எவ்வளவு மின்சாரச் சக்தியை எடுத்துக்கொள்கிறது என்ற அளவு. ஸ்டிக்கரில் பல நேரம் இல்லாதது ஆம்பியர், அதாவது கம்பி வழியே ஓடும் மின்னோட்டம். நமக்கு வேண்டியது அதுதான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன். ஆகவே வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 2000 வகுத்தல் 230, ஏறத்தாழ 8.7 ஆம்பியர்.

இனி சின்ன பிளக் பாயிண்ட்டின் முகப்பைப் பாருங்கள். 6 ஆம்பியர் என்று பொறித்திருக்கும். 6 பெருக்கல் 230 என்றால் 1380 வாட். அதன் எல்லை அவ்வளவுதான். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர் எடுக்கும், தாங்கும். தண்ணீர் சூடாக்கும் 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் எடுக்கும், அதற்கே எல்லை தாண்டிவிட்டது. கன்வர்ஷன் பிளக் பின்னின் உருவத்தை மாற்றுமே தவிர, சுவருக்குள் இருக்கும் கம்பியின் தாங்கும் திறனை மாற்றாது. 16 ஆம்பியர் பவர் பிளக் என்று தனியாக வைப்பது இதற்காகத்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு ஓட்டை இருந்தாலும் நான்கிலும் ஓடும் ஆம்பியரைச் சேர்த்தே கணக்கிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே வயர் வழியாகத்தான் வருகிறது. மிக்ஸி, ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் உள்ள பொருட்கள் இந்தக் கணக்கில் வருவதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு எடுக்கும்.

அடுத்தது மின்தடை. ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இது. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு அறிவியலில் படிக்கிறார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, அதன் அளவு ஓம். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் சுருளுக்கு 230 வகுத்தல் 4.35, சுமார் 53 ஓம். மின்னழுத்தம் 180க்கு இறங்கிவிட்டால் அதே 53 ஓம் வழியே 3.4 ஆம்பியர்தான் ஓடும்; 180 பெருக்கல் 3.4, ஏறத்தாழ 612 வாட். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. லோ வோல்டேஜில் சட்டை மடிப்பு நிமிராததற்குப் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. (பழைய குண்டு பல்பின் ஓமை மீட்டரில் அளந்து இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் பொருந்தாது. எரியும்போது அதன் இழையின் மின்தடை பல மடங்கு ஏறிவிடும்.)

மின்தடை இருக்கும் இடத்தில்தான் சூடு பிறக்கிறது. அயர்ன் பாக்ஸுக்குள் அது வேண்டும். பிளக் பாயிண்ட்டுக்குள் வேண்டாம். ஆனால் பின் தளர்ந்துபோன பிளக் பாயிண்ட்டில், தொடும் இடம் சரியாக ஒட்டாமல் அரை ஓம் மின்தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மின்தடையால் பெருக்கினால் அங்கே பிறக்கும் சூடு தெரியும். போன் சார்ஜர் எடுப்பது 0.1 ஆம்பியர். 0.1 பெருக்கல் 0.1 பெருக்கல் 0.5, ஒரு வாட்டில் இருநூறில் ஒரு பங்கு. கை வைத்தாலும் தெரியாது. அதே ஓட்டையில் 2000 வாட் அடுப்பைச் சொருகினால் 8.7 பெருக்கல் 8.7 பெருக்கல் 0.5, ஏறத்தாழ 38 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் அரை மணி நேரம் வைத்திருப்பதற்குச் சமம் இது. "இவ்வளவு நாள் சார்ஜர் போட்டோமே, நன்றாகத்தானே இருந்தது" என்று சொல்வதில் பொருளில்லை.

எம்.சி.பி. இருக்கிறதே, டிரிப் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. பார்ப்பது ஓடும் ஆம்பியரை மட்டும். 8.7 என்பது அதற்குச் சாதாரண எண். எந்த மூலையில் எந்த இணைப்பு கருகுகிறது என்று அதற்குத் தெரியாது. அடுப்பை அணைத்த பின் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. பிளக் கொதிக்கிறது, பின் ஆடுகிறது, நிறம் மாறியிருக்கிறது என்றால் அந்தப் பாயிண்ட்டை அன்றே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பவர் பிளக்குக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுக்கச் சொல்லுங்கள். கிளாம்ப் மீட்டர் அவரிடம் இருந்தால் ஒவ்வொரு பொருளும் எடுக்கும் ஆம்பியரைக் கம்பியை அறுக்காமலே அளந்து காட்டுவார்.

அவர் வந்திருக்கும்போதே ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒளூ செய்த ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுவது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. நனைந்த உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வகுத்தல் 1000, 0.23 ஆம்பியர். எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மனித இதயத்தை நிறுத்த இது போதும். வீடுகளுக்கான ஆர்.சி.சி.பி. 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அதை மாற்ற வேண்டும்.