கட்டியெனத் தோன்றும் கல்: கண்ணீர்ச் சுரப்பிக் கற்களைப் பிரித்தறிதல்

முன்னுரை

இமையில் எழும் வீக்கம் எதுவாயினும் அதனைக் ‘கண்கட்டி’ என்னும் ஒரே பெயரால் குறிப்பது மக்கள் வழக்கு. கீழ்பென்னாத்தூர் வட்டாரம் உள்ளிட்ட தமிழக ஊர்களில், உடற்சூட்டால் வந்ததெனக் கருதி நாமக்கட்டியை இழைத்துப் பூசும் கைவைத்தியம் பரவலானது. பெரும்பாலான கட்டிகள் தாமாகவே ஆறிவிடுவதால், பூச்சே குணப்படுத்தியது என்னும் நம்பிக்கை நிலைபெறுகின்றது. ஆனால், கண்ணீர்ச் சுரப்பியின் நாளத்தில் உருவாகும் கல்லும் அரிதாக இதே தோற்றத்தில் வெளிப்படுவதுண்டு. அது பூச்சாலோ ஒத்தடத்தாலோ கரைவதில்லை. இவற்றைப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

கல் உருவாகும் விதம்

கண்ணீர்ச் சுரப்பி கண்குழியின் மேற்புறத்தில், காதை நோக்கிய ஓரத்தில் அமைந்துள்ளது. ஏறத்தாழ 10 முதல் 12 நுண்நாளங்கள் அதன் நீரை மேலிமையின் உள்மடிப்பில் கொண்டுசேர்க்கின்றன. நாளம் ஒன்று அடைபட்டு நீர் தேங்கும்போது, சளிப்புரதமும் உதிர்ந்த செல்களும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகுகின்றன. நாளத்துள் புகுந்த இமைமயிர் ஒன்றே கல்லின் கருவாக அமைவதும் உண்டு.

பிரித்தறியும் கூறுகள்

முதலாவது, இடம். கண்கட்டி இமைமயிரின் வேரை ஒட்டி, வலியும் சிவப்பும் சீழுமாகத் தோன்றி, ஓரிரு வாரங்களில் அடங்கும். மீபோமியன் சுரப்பி அடைபடுவதால் வரும் சலேசியான், இமைத்தகட்டுக்குள் பெரும்பாலும் வலியற்ற உருண்டையாக அமையும். சுரப்பிக் கல்லோ இமைத்தகட்டிற்கு மேலே, வெளியோரத்தில் தங்கும்.

இரண்டாவது, தொடுவுணர்வு. சலேசியான் அழுத்தமான உருண்டையாகத் தட்டுப்படும். கல் கடினமாக இருக்கும்.

மூன்றாவது, நேரடிப் பார்வை. மேலிமையைப் புரட்டி, நோயாளியைக் கீழ்நோக்கி மூக்குப்பக்கம் பார்க்கச் செய்தால், வெளியோர உள்மடிப்பில் மஞ்சள் கலந்த வெண்ணிறப் பொருள் புலப்படக்கூடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த கல் சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஆதலின் இந்த எளிய சோதனை இன்றியமையாதது.

மூக்கோரம் எழும் வீக்கம் வேறு வகையைச் சார்ந்தது. அங்குக் கண்ணீர்த்துளை புடைத்து, அழுத்தினால் குறுணை போன்ற துகள்கள் வெளிவருமாயின், ஆக்டினோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகளால் வரும் கண்ணீர்க்குழாய் அழற்சியை ஐயுற வேண்டும்.

சிகிச்சை

சுரப்பிக் கல்லை, உணர்விழப்பு மருந்திட்டு, இமையின் உட்புறத்தில் சிறு கீறலிட்டு அகற்றுவர். அருகிலுள்ள நாளங்கள் சேதமுற்றால் கண்வறட்சி நேரிடக்கூடும். கல்லைச் சலேசியான் எனத் தவறாகக் கருதி இமைத்தகட்டைக் கீறினால், கல் அங்கேயே எஞ்சிவிடும்.

முடிவுரை

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எழும் கட்டியைப் புதிய கட்டியாகக் கருதலாகாது. முதியோரிடம் அது நெய்ச்சுரப்பிப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். இந்தியாவில் இமைப்புற்றுகளுள் இவ்வகை கணிசமான இடம் பெறுகின்றது. எனவே அகற்றிய பொருளைத் திசுச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். சில வாரங்களில் ஆறாத வீக்கத்தைக் கண் மருத்துவரிடம் காட்டுவதும், இமையைப் புரட்டிப் பார்க்காமல் எந்த வீக்கத்திற்கும் பெயரிடாதிருப்பதும் பெருஞ்செலவின்றி இயல்வன. ஊர்ப்புற மருத்துவத்தில் தாமதத்தைத் தவிர்க்க இவையே முதற்படிகள் எனலாம்.